கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகுமா? பிரிட்டனில் 900-க்கும் மேற்பட்டோரைக் குற்றவாளியாக்கிய 'ஹொரைசன்' சாஃப்ட்வேர் - நடந்தது என்ன?

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் சவுத் வார்ன்பரோ என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ஜோ ஹாமில்டன் என்ற பெண் ஒரு மளிகைக் கடையும், அதோடு சேர்ந்த தபால் நிலையமும் நடத்தி வந்தார். 2003-ல் ஒருநாள் கணக்கு முடிக்கும்போது, கையில் இருக்கும் பணத்தைவிடச் சுமார் 2,000 பவுண்ட் அதிகம் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் காட்டியது.

எங்கே தவறு என்று தெரியவில்லை. ஹெல்ப்லைனுக்கு போன் செய்தார். அவர்கள் சொன்னபடியே ஒவ்வொரு பட்டனாகத் தட்டினார். பற்றாக்குறை தீர்ந்துவிடும் என்று பார்த்தால், அவர் கண் முன்னாலேயே 2,000 என்பது 4,000 ஆகிவிட்டது.

அந்தப் பணத்தை அவர்தான் கட்ட வேண்டும் என்றது தபால் நிறுவனம். அதோடும் நிற்கவில்லை. அடுத்தடுத்து பற்றாக்குறை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 36,000 பவுண்ட் திருடிவிட்டதாக அவர் மீது வழக்கு. வீட்டை மறு அடமானம் வைத்தார். ஊர்க்காரர்கள் கைக்காசு போட்டு உதவினார்கள். 2008-ல் அவர் குற்றவாளி என்று பதிவானது.

அவர் ஒரு பைசாகூட எடுக்கவில்லை. தப்பாகக் கணக்கு போட்டது கம்ப்யூட்டர்தான். இதை நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 2021 வரை ஆனது.

ஹாமில்டன் ஒருவர் மட்டுமல்ல. 1999-ல் இருந்து 2015 வரை இதே மாதிரி 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார்கள். 200-க்கும் அதிகமானோர் சிறைக்குப் போனார்கள். பிரிட்டன் வரலாற்றில் நீதி இவ்வளவு பரவலாகத் தவறிய சம்பவம் வேறு இல்லை என்று இதைச் சொல்கிறார்கள்.

ஒரு அலுவலக சாஃப்ட்வேரில் இருந்த கோளாறு எப்படி இத்தனை பேரை ஜெயில் வாசல் வரை கொண்டுபோனது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த சப்-போஸ்ட்மாஸ்டர்கள்?

நம் ஊரில் தபால் அலுவலகம் என்றாலே அரசு ஊழியர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான தபால் நிலையங்களை நடத்துபவர்கள் தனியாட்கள். சேமிப்புப் பணத்தைப் போட்டோ, கடன் வாங்கியோ ஒரு கடையை வாங்கி, அதிலேயே தபால் கவுன்ட்டரையும் நடத்துவார்கள். இவர்களைத்தான் சப்-போஸ்ட்மாஸ்டர் என்கிறார்கள்.

தபால்தலை விற்பது மட்டும் இவர்கள் வேலை இல்லை. பென்ஷன் கொடுப்பது, பில் பணம் வாங்குவது, வங்கிப் பரிவர்த்தனை என்று தினமும் ஆயிரக்கணக்கான பவுண்ட் கை மாறும். அரசுக்குச் சொந்தமான 'போஸ்ட் ஆபீஸ்' நிறுவனத்தோடு இவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் இழப்பு பற்றி ஒரு பிரிவு இருந்தது. கவனக்குறைவாலோ தவறாலோ பணம் குறைந்தால் சப்-போஸ்ட்மாஸ்டர் ஈடு செய்ய வேண்டும் என்பதுதான் அது. ஆனால் நடைமுறையில், காரணம் எதுவாக இருந்தாலும் பணத்தை நீதான் கட்ட வேண்டும் என்றே நிறுவனம் நடந்துகொண்டது.

கல்லாவில் பணம் குறைந்தால் கேஷியர் சம்பளத்தில் பிடிப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். என்ன, இங்கே தொகை லட்சக்கணக்கில்.

ஹொரைசன் எதற்காக வந்தது?

1990-கள் வரை கணக்கெல்லாம் பேப்பரில்தான். வாரம் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். பணம் இடித்தால், பழைய பில்களையும் ரசீதுகளையும் புரட்டிப் பார்த்து எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதை மாற்றத்தான் ஹொரைசன் வந்தது. தபால் நிலையங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்குவதும், அரசு உதவித்தொகையை ஒரு கார்டு மூலம் வழங்குவதும் ஆரம்பத் திட்டம். உருவாக்கும் பொறுப்பு ஐசிஎல் என்ற நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. இது பின்னாளில் ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தோடு முழுதாக இணைந்துவிட்டது. தாமதமும் சிக்கலும் கூடிக்கொண்டே போக, உதவித்தொகை கார்டு திட்டம் 1999-ல் கைவிடப்பட்டது. மிச்சமிருந்த கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் அதே ஆண்டு முதல் நாடு முழுக்க உள்ள தபால் நிலையங்களில் பொருத்தப்பட்டது.

இதனால் வேலை வேகமானது உண்மைதான். ஆனால் முக்கியமான ஒன்று கைவிட்டுப் போனது. பேப்பர் காலத்தில் கணக்கின் முழு விவரமும் கடைக்காரர் கையில் இருந்தது. ஹொரைசன் வந்த பிறகு அவருக்குத் திரையில் தெரிவது முடிவு மட்டும்தான். உள்ளே என்ன நடந்தது என்ற பதிவு போஸ்ட் ஆபீஸிடமும் ஃபுஜிட்சுவிடமும் இருந்தது. 'பணம் குறைகிறது' என்று கம்ப்யூட்டர் சொன்னால், 'எந்த இடத்தில்?' என்று திருப்பிக் கேட்க அவரிடம் வழியில்லை.

கணக்கு எப்படித் தப்பானது?

ஒரு உதாரணம் பார்த்தால் புரியும். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊர். 2015 அக்டோபரில் அங்கே ஒரு தபால் நிலையத்தில் இருந்து அதன் கிளைக்கு 8,000 பவுண்ட் ரொக்கம் மாற்றினார்கள். விவரத்தைப் பதிவு செய்ய 'என்டர்' தட்டினால், திரை அப்படியே நின்றது. போகவில்லை போல என்று மறுபடியும் தட்டினார்கள். மறுபடியும் தட்டினார்கள்.

திரைதான் அசையவில்லை. பின்னால் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை தட்டியபோதும் புதிதாக 8,000 பவுண்ட் வந்ததாகப் பதிவானது. மொத்தம் நான்கு முறை. கையில் இருப்பது 8,000 பவுண்ட். கம்ப்யூட்டர் கணக்குப்படி இருக்க வேண்டியது 32,000 பவுண்ட். ஒரே நிமிடத்தில் 24,000 பவுண்ட் 'காணாமல்' போனது. இன்றைய மதிப்பில் 25 லட்சம் ரூபாய்க்கு மேல்.

இந்தக் குறிப்பிட்ட விவகாரத்தில் கோளாறு அடையாளம் காணப்பட்டது. ஆனால் தேடிப் பார்த்தால், இதே கோளாறு 2010-ல் இருந்தே வேறு கிளைகளிலும் நடந்திருந்தது.

கோளாறு இது ஒன்று மட்டுமல்ல. கிளைக்குள் ஒரு கவுன்ட்டரில் செய்த பணமாற்றம் இன்னொரு கவுன்ட்டர் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போய், இரண்டு முறை பதிவானதும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் நகரில் உள்ள கிளையின் பெயரால் இதை 'காலண்டர் ஸ்கொயர் பக்' என்கிறார்கள்.

சாஃப்ட்வேரில் பக் இருப்பது அதிசயம் இல்லை. எல்லா சாஃப்ட்வேரிலும் இருக்கும். இங்கே விபரீதம் எங்கே ஆரம்பித்தது என்றால், பக் இருக்கவே வாய்ப்பில்லை என்று ஒரு நிறுவனம் அடித்துச் சொன்ன இடத்தில்.

ஹெல்ப்லைனில் என்ன சொன்னார்கள்?

கணக்கு இடித்ததும் எல்லோரும் செய்த முதல் வேலை ஹெல்ப்லைனுக்குப் பேசியதுதான். பாதிக்கப்பட்ட பலருக்கும் அங்கே கிடைத்த பதில் ஒன்றுதான்: வேறு யாருக்கும் இந்தப் பிரச்னை இல்லை, உங்களுக்கு மட்டும்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான பேர் அதே புகாரைச் சொல்கிறார்கள். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். அடுத்து கடை ஊழியரைச் சந்தேகப்பட்டார். சில வீடுகளில் சொந்தக் குடும்பத்தினரையே.

யார்க்‌ஷயரின் பிரிட்லிங்டன் நகரில் தபால் நிலையம் நடத்திய லீ காசில்டன், ஹெல்ப்லைனுக்கு 91 முறை பேசினார். பலன் இல்லை. சுமார் 25,000 பவுண்ட் கேட்டு போஸ்ட் ஆபீஸ் அவர் மீது சிவில் வழக்கு போட்டது. வக்கீல் வைக்கக் காசில்லாமல் அவரே வாதாடித் தோற்றார். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவான 3,21,000 பவுண்டையும் அவரே கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. திவாலானார்.

செய்யாத தவறை ஏன் ஒப்புக்கொண்டார்கள்?

இது எல்லோருக்கும் வரும் கேள்வி. 'தப்பு செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்ளப் போகிறான்?'

பதில் அந்த சாஃப்ட்வேரின் நடைமுறையிலேயே இருக்கிறது. கணக்குக் காலம் முடியும்போது, 'கையில் உள்ள பணமும் கம்ப்யூட்டர் கணக்கும் சரி' என்று சப்-போஸ்ட்மாஸ்டர் உறுதி செய்தால்தான் அடுத்த கணக்குக் காலத்துக்குள் போக முடியும். இல்லாவிட்டால் வழக்கம்போலக் கடை திறந்து வியாபாரம் பார்க்க முடியாது. பென்ஷன் வாங்க முதியவர்கள் வாசலில் நிற்பார்கள்.

அதனால் பலர் சொந்தப் பணத்தைப் போட்டு ஈடுகட்டினார்கள். பணம் தீர்ந்தவர்கள், குறையும் தொகை கையில் இருப்பதாகப் பதிவு செய்துவிட்டு, அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று காத்திருந்தார்கள். சட்டப்படி அது 'பொய்க்கணக்கு'. தணிக்கைக்காரர்கள் வந்து நின்றபோது, அந்தப் பதிவே அவர்களுக்கு எதிரான ஆதாரமாகிவிட்டது.

அப்புறம் பேரம். பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டினால், திருட்டு வழக்கைக் கைவிடுகிறோம் என்றார்கள். திருட்டு என்றால் ஜெயில் என்ற பயத்தில் பலர் தலையாட்டினார்கள். ஹாமில்டனும் அப்படித்தான் ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டரைக் குறை சொல்லக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. அவர் திருடியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று போஸ்ட் ஆபீஸின் சொந்த விசாரணை அதிகாரியே அறிக்கை எழுதியிருந்தார் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது.

கோர்ட்டில் ஏன் எடுபடவில்லை?

இதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, வழக்கு போட்டது யார் என்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நேரடியாகக் கிரிமினல் வழக்கு தொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதைப் பயன்படுத்தி, 900-க்கும் மேற்பட்ட வழக்குகளில் சுமார் 700-ஐ போஸ்ட் ஆபீஸே தொடுத்தது. பணம் போனதாகப் புகார் சொல்வதும் அவர்கள், விசாரிப்பதும் அவர்கள், குற்றம் சாட்டுவதும் அவர்கள்.

இரண்டாவது, சட்டத்தில் வந்த ஒரு மாற்றம். கம்ப்யூட்டர் பதிவைக் கிரிமினல் வழக்கில் ஆதாரமாகக் காட்ட வேண்டும் என்றால், அது ஒழுங்காக இயங்கியது என்று நிரூபிக்க வேண்டும் எனப் பிரிட்டனின் 1984-ம் ஆண்டு சட்டம் சொன்னது. 1999-ல் கொண்டுவந்த சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. 2000-ல் அது அமலுக்கு வந்தது. அதன் பிறகு, 'கம்ப்யூட்டர் சரியாகத்தான் இயங்கியிருக்கும்' என்பது கோர்ட்டின் இயல்பான ஊகமாகிவிட்டது. இல்லை என்று காட்டும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். கம்ப்யூட்டரின் உள்பதிவையே பார்க்க முடியாத ஒரு கடைக்காரர் இதை எப்படி நிரூபிப்பார்?

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா. சர்ரே பகுதியின் வெஸ்ட் பைஃப்லீட்டில் தபால் நிலையம் நடத்தியவர். சுமார் 74,000 பவுண்ட் திருடியதாக வழக்கு. திருட்டை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஹொரைசன் மேல்தான் தப்பு என்று வாதாடினார். ஜூரி நம்பவில்லை. 2010 நவம்பரில் 15 மாத சிறைத் தண்டனை. அப்போது அவர் கர்ப்பிணி. அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள்.

மறைக்கப்பட்ட விஷயம் என்ன?

கிளையில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் கணக்கில் கை வைக்க முடியாது என்று போஸ்ட் ஆபீஸ் பல ஆண்டுகள் சொல்லி வந்தது. வழக்குகளின் அடித்தளமே இதுதான். வேறு யாரும் தொட முடியாது என்றால், பணத்தை எடுத்தது நீதானே?

ஆனால் அது உண்மை இல்லை. ஃபுஜிட்சு ஊழியர்கள் தங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கிளைக் கணக்கில் பதிவுகளைச் சேர்க்கவும், திருத்தவும், நீக்கவும் முடிந்தது. கடைக்காரருக்குத் தெரியாமலேயே. ஃபுஜிட்சுவின் முன்னாள் ஊழியர் ஒருவர் 2015-ல் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் இதை வெளிப்படையாகச் சொன்னார். 2019-ல் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

உண்மை எப்படி வெளியே வந்தது?

வேல்ஸின் லாண்டட்னோ நகரில் தபால் நிலையம் நடத்தியவர் ஆலன் பேட்ஸ். அவர் கணக்கிலும் 2000-ல் பணம் இடித்தது. அவர் உட்கார்ந்து பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, சில பரிவர்த்தனைகள் இரண்டு முறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தார். மிச்சத் தொகையையும் கட்ட மறுத்தார், நிறுவனத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். 2003-ல் அவருடைய ஒப்பந்தம் ரத்தானது.

அதன் பிறகு நடந்தவை:

2009: 'கம்ப்யூட்டர் வீக்லி' பத்திரிகை ஏழு சப்-போஸ்ட்மாஸ்டர்களின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு பாதிக்கப்பட்டவர்களைச் சேர்த்து பேட்ஸ் ஒரு அமைப்பைத் தொடங்கினார். 'எனக்கு மட்டும்தான்' என்று நினைத்தவர்கள் முதல்முறையாக ஒரே அறையில் சந்தித்தார்கள்.

2013: ஃபுஜிட்சு பொறியாளர் ஒருவர், தனக்குத் தெரிந்த பக்குகளைக் கோர்ட்டில் சொல்லவில்லை என்று போஸ்ட் ஆபீஸுக்கே அதன் வழக்கறிஞர் ஒருவர் எழுத்துப்பூர்வமாக எச்சரித்தார். அது அப்போது வெளியே வரவில்லை.

2019: 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் தீர்ப்பு. பக்குகளால் கிளைக் கணக்கில் பற்றாக்குறை வந்திருக்கும், பழைய ஹொரைசன் நம்பத்தக்கதே அல்ல என்றார் நீதிபதி. போஸ்ட் ஆபீஸின் பிடிவாதத்தை, பூமி தட்டை என்று இந்தக் காலத்தில் சொல்வதற்கு ஒப்பிட்டார். சுமார் 5.8 கோடி பவுண்டுக்கு வழக்கு சமரசமானது. பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போனது.

2021: மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. ஹாமில்டன், மிஸ்ரா இருவரும் அதில் இருந்தார்கள்.

2024: ஜனவரியில் ஐடிவி சேனலில் நான்கு பாகத் தொடராக இந்தக் கதை ஒளிபரப்பானது. நாடே கொதித்தது. போஸ்ட் ஆபீஸின் முன்னாள் தலைமை அதிகாரி பாலா வென்னல்ஸ் தனக்குக் கிடைத்த அரச விருதைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். மே மாதம், நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு மிச்சமிருந்த நூற்றுக்கணக்கான தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது.

2025: நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையிலான பொது விசாரணையின் முதல் அறிக்கை ஜூலையில் வெளியானது. இந்த விவகாரத்தால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்றது அந்த அறிக்கை. அதற்குள் வழங்கப்பட்ட இழப்பீடு 100 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது.

இந்தியாவில் சட்டம் எப்படி?

இந்திய நீதிமன்றங்களில் மின்னணுப் பதிவை ஆதாரமாகக் காட்டச் சான்றிதழ் வேண்டும். முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்‌ஷிய அதிநியம் சட்டத்தின் 63-வது பிரிவு. குறிப்பிட்ட காலத்தில் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது, அல்லது இடையில் கோளாறு வந்திருந்தாலும் அது பதிவைப் பாதிக்கவில்லை என்பது இதன் நிபந்தனைகளில் ஒன்று. சான்றிதழின் ஒரு பகுதியில் பதிவைத் தாக்கல் செய்பவரும், இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

அதாவது, பிரிட்டன் 1999-ல் எடுத்துவிட்ட மாதிரியான ஒரு வேலி இங்கே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது கோர்ட் வாசலில் நிற்கும் வேலி. அலுவலகத்துக்குள், 'சிஸ்டம் இப்படித்தான் காட்டுகிறது, பணத்தைக் கட்டு' என்று ஒரு ஊழியரிடம் சொல்லும்போது அந்தச் சட்டம் தானாக வந்து நிற்காது.

வேலை செய்யும் இடத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

பில்லிங் மெஷின், ஸ்வைப் மெஷின், ஸ்டாக் சாஃப்ட்வேர், அட்டெண்டன்ஸ் ஆப் என்று இன்று கம்ப்யூட்டர் கணக்கு இல்லாத வேலை இடமே குறைவு. ஹொரைசன் விவகாரத்தில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

கணக்கு இடித்தால், புரியாமலேயே 'சரி' என்று ஒப்புதல் கொடுக்கக் கூடாது. வேறு வழியில்லை என்றால், 'இந்தத் தொகையில் எனக்கு ஆட்சேபம் உண்டு' என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

போனில் மட்டும் புகார் சொன்னால் போதாது. தேதி, நேரம், புகார் எண், திரையில் தெரிந்ததன் படம் எல்லாம் கைவசம் இருக்க வேண்டும்.

திரை நின்றுவிட்டால், மறுபடியும் பட்டனைத் தட்டும் முன் முதல் பதிவு ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொன்னால் அதை அப்படியே நம்பாமல், அதே சாஃப்ட்வேரைப் பயன்படுத்தும் மற்றவர்களிடம் கேட்க வேண்டும்.

நிறுவனம் நடத்துபவர்களுக்கும் ஒன்று உண்டு. ஊழியரிடம் பணம் கேட்கும் முன், அந்தத் தொகை எப்படி வந்தது என்ற முழுப் பதிவையும் அவருக்குக் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். காட்ட முடியவில்லை என்றால், பணம் போனது என்பதே இன்னும் நிரூபணமாகவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆலன் பேட்ஸுக்கு 2024-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. தண்டனை ரத்தாகி, இழப்பீடு வருவதற்குள் இறந்துபோன சப்-போஸ்ட்மாஸ்டர்கள் பலர். ஊர்க்காரர்கள் கண்ணில் திருடனாகவே போய்ச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.